இருட்டறைச் சம்பளம்

ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் பஸ் முத்தோரை பாலாடாவின் கேரட் வயல்களைக் கடந்து இத்தலாரை அடைகிறது. மேட்டில் தேயிலை, பள்ளத்தில் காய்கறி, ஊருக்கென்று ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை. வெளியூர்க்காரர் பார்த்தால் இதை விவசாய ஊர் என்றுதான் எழுதிக்கொள்வார். அது பாதி உண்மை. நீலகிரியின் படகர் ஊர்களில் வீட்டுக்குக் கொஞ்சம் தேயிலை, அதே வீட்டில் ஒருவருக்குத் தொழிற்சாலை வேலை என்பது அரை நூற்றாண்டுக்கும் மேலான நடைமுறை. "கார்டைட்டில் இருக்கிறார்", "எச்.பி.எஃப்.பில் இருக்கிறார்" என்ற ஒரு வரி, சம்பந்தம் பேசும் இடத்தில் இரண்டு ஏக்கர் தேயிலைக்குச் சமமாக நின்ற காலம் உண்டு.

அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் ஊட்டி இந்து நகரின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் (எச்.பி.எஃப்.) ஒருவகையில் ஒன்றுதான். கடைத்தெருவில் நாம் கேட்டு வாங்கும் பொருள் அவற்றின் முக்கியத் தொழில் அல்ல. முன்னது ராணுவத்தின் தோட்டாவுக்கும் பீரங்கிக்கும் வேண்டிய உந்துமருந்தைச் செய்தது. பின்னது ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே பிலிமும் சினிமாத் தொழிலுக்குப் பிலிம் சுருளும் செய்தது. இன்னொரு பெரிய அமைப்பின் வேலை நடக்க இவர்கள் சரக்கு அனுப்பியாக வேண்டும். பெரிய சப்ளையரிடம் வேலை பார்ப்பதன் சுகமும் சங்கடமும் இதிலிருந்தே வருகின்றன. வாங்குபவர் பெரிய கை என்பதால் மாதச் சம்பளம் தவறாது. அந்தக் கை பின்வாங்கினால், தொழிலாளி ஒருபோதும் கால் வைக்காத ஓர் அறையில் அவருடைய மீதி வாழ்க்கை முடிவாகிவிடும். நீலகிரி மக்கள் இரண்டையும் அனுபவித்தவர்கள். இந்தக் கட்டுரையில் பிலிம் பேக்டரியின் கதைக்கே அதிக இடம் கொடுக்கிறேன். அங்கு நடந்த அநீதி இன்னும் சரியாகப் பெயரிட்டுச் சொல்லப்படவில்லை என்பது என் எண்ணம்.

பிலிம் இந்தியாவுக்குப் பழைய தலைவலி. இரண்டாம் உலகப் போரின்போது கப்பலில் கச்சா பிலிம் வரத்துக் குறைந்ததால், 1942இல் அரசு சினிமாப் படங்களின் நீளத்தை 11,000 அடிக்குள் நிறுத்தியது. அதுவரை அதைவிட மிக நீளமாக ஓடிக்கொண்டிருந்த தமிழ்ப் படங்கள், பாட்டுகளையும் கிளைக்கதைகளையும் இழந்து சுருங்கின. சுதந்திரத்துக்குப் பிறகும் கோடக், அக்ஃபா, கேவர்ட் என்று வெளிநாட்டுச் சரக்கையே நம்பியிருந்தோம். அதை வாங்கும் அந்நியச் செலாவணிக்கோ எப்போதும் தட்டுப்பாடு. நெஞ்சில் சளி கட்டிய ஒரு காசநோயாளியின் படத்தை எடுக்கக்கூட வெளிநாட்டுக் கப்பலுக்குக் காத்திருக்கும் நிலை. இந்தப் பின்னணியில்தான் 1960 நவம்பரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பொதுத்துறை நிறுவனமாகப் பதிவானது. தொழில்நுட்பம் பிரான்சின் போஷே நிறுவனத்திடமிருந்து வந்தது. இடம் ஊட்டி. 1967இல் உற்பத்தி தொடங்கியது. சரக்கின் பெயர் 'இந்து'. நிலவு என்று பொருள். தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கும் அதுவே பெயராகி இந்து நகர் ஆனது.

ஊட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. பிலிமுக்கு எமன் மூன்று: வெப்பம், தூசி, கலங்கிய தண்ணீர். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று குளிர்ந்தும் தூசி குறைந்தும் இருக்கிறது. சமவெளியில் குளிரூட்டச் செலவழிக்க வேண்டியதில் ஒரு பங்கை மலை தானாகவே தந்தது.

வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் திறமை இன்று நாட்டில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து வெள்ளி நைட்ரேட் ஆக்குவார்கள். மாட்டு எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினை வெந்நீரில் இளக்கி, பொட்டாசியம் புரோமைடு, அயோடைடு போன்ற உப்புகளைச் சேர்த்து, அதில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒளியை உணரும் நுண்படிகங்கள் அந்தக் கூழில் பிறக்கும். அதைக் குறிப்பிட்ட வெப்பத்தில் குறிப்பிட்ட நேரம் 'பழுக்க' வைக்க வேண்டும். அதிரசப் பாகுக்குப் பதம் பார்ப்பதுபோலத்தான். நேரம் தவறினால் பாகு முறியும், இங்கே படிகம் பெருத்துப் படம் மணல் மணலாக விழும். பதமான இந்தக் கூழை, அதாவது எமல்ஷனை, அகலமான பிலிம் தளத்தின்மேல், மனித முடியைவிட மெல்லிய படலமாக, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே கனத்தில் பூச வேண்டும். எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் பூச்சு. பிறகு குளிரவைத்து, உலர்த்தி, வெட்டி, துளையிட்டு, கறுப்புக் காகிதத்தில் சுற்றி அடைக்க வேண்டும்.

எமல்ஷன் பிறந்ததிலிருந்து பெட்டி மூடும்வரை இத்தனையும் இருட்டில் நடக்கும். எக்ஸ்ரே பிலிம், சினிமாப் பாசிட்டிவ் என்றால் மங்கிய சிவப்பு விளக்கு போடலாம். எல்லா நிற ஒளியையும் உணரும் பிலிம் என்றால் அதுவும் கூடாது. கண் பழகினால் தெரியும் என்று சொல்ல முடியாத முழு இருட்டு அது. எந்திரம் எங்கே, கதவு எங்கே, எதிரே வருபவர் யார் என்பதைக் கையும் காதும்தான் சொல்ல வேண்டும். வெளியே நீலகிரி வெயில் புல்மேட்டில் காயும்போது உள்ளே எட்டு மணி நேரம் இரவு. அதை முடித்து வெளியே வருபவருக்கு மலைக் குளிரும் பனியும் காத்திருக்கும். உடலுக்குச் சுலபமான வேலை அது அன்று.

ஆனாலும் அந்த வேலைக்கு ஆசைப்பட்டார்கள். ஆசைப்பட்டதில் நியாயம் இருந்தது. அப்போது மலையின் மண் கைவிடத் தொடங்கியிருந்தது. நீலகிரியின் பணப்பயிர் உருளைக்கிழங்கு. 1961இல் ஊட்டிப் பகுதி நிலத்தில் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. வேரைப் பற்றி விளைச்சலை அரித்த அந்தப் புழுவோடு விலை ஏற்ற இறக்கமும் சேர, குடும்பங்கள் கிழங்கு வயலைத் தேயிலையாக மாற்றத் தொடங்கின. தேயிலை முழுப் பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் பஞ்சப்படியோடு மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, குவார்ட்டர்ஸ், கேன்டீன், மருத்துவ வசதி என்று ஒரு வேலை வந்தால் யார் வேண்டாம் என்பார்? உச்சத்தில் ஐயாயிரம் பேர் வரை அங்கே வேலை பார்த்தார்கள். அருகிலுள்ள படகர் ஊர்க்காரர்களோடு சமவெளியிலிருந்து வந்த தமிழர்களும் மலையாளிகளும் கன்னடரும் ஒரே ஷிப்டில் நின்றார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கல்லூரி படித்தது அந்தச் சம்பளத்தில்தான். ஏற்றம் என்றால் இதுதான் ஏற்றம். இதைக் குறைத்துச் சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் துரோகம்.

இறக்கம் ஒரே நாளில் வரவில்லை. சினிமா கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்குப் போனது. தொழிற்சாலையின் பலமோ கறுப்பு வெள்ளை. வெள்ளி விலை இன்னொரு இடி. 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் 6 டாலர் அளவில் இருந்த வெள்ளி, அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வாங்கிப் பதுக்கியதில் 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கியது. நியூயார்க்கில் நடந்த ஊக வணிகம் இந்து நகரின் உற்பத்திக் கணக்கைக் குலைத்தது. எக்ஸ்ரேயிலோ உலகம் பாலியஸ்டர் தளத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. எனவே அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத் தொழில்நுட்பத்தோடு பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிம் ஆலை ஒன்றைக் கடன் வாங்கிக் கட்ட முடிவானது. முடிவு தவறு என்று நான் சொல்லமாட்டேன். காலம்தான் கொடுமையாக அமைந்தது. பல நூறு கோடியில் ஆலை எழுந்த அதே ஆண்டுகளில், 1991க்குப் பிந்தைய கொள்கையில் இறக்குமதி வரி இறங்கியது. கோடக், ஃப்யூஜி, அக்ஃபா சரக்கு ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து நின்றது. அரசு ஒரு கையால் ஆலைக்குக் கடன் கொடுத்து, மறு கையால் அந்த ஆலையின் சந்தையைத் திறந்துவிட்டது.

1990களின் நடுவில் நிறுவனம் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. நலிவுற்ற நிறுவனங்களுக்கான வாரியமான பி.ஐ.எஃப்.ஆர். 2003இல் கலைத்துவிடப் பரிந்துரைத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. தொழிற்சாலை நிற்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. 2014 பிப்ரவரி 28 அன்று மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு 181.54 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. தொகையைக் கணக்கிட அடிப்படை '2007ஆம் ஆண்டின் கருத்தளவு ஊதிய விகிதம்'. அந்தச் சொல்லைக் கூர்ந்து பாருங்கள். 2007இன் விகிதம் அவர்கள் கைக்கு வந்த சம்பளம் அன்று. வந்ததாக எண்ணிக்கொள்ளச் சொன்ன சம்பளம். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் மருந்தும் உண்மை விலையில் ஏறிக்கொண்டிருக்க, ஊதிய விகிதம் மட்டும் பழைய காலத்தில் உறைந்துபோயிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கேதான் என் வாதம். பிலிம் ஒழிந்ததற்கு ஊட்டித் தொழிலாளியோ ஊட்டி நிர்வாகமோ மட்டும் காரணமாக முடியாது. 1982இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மட்டும் 60,400 பேருக்கு வேலை கொடுத்த கோடக், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் ஏறியது. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு 2004இல் கடனில் முழுகி, அதன் மேலாளர்களே வாங்கி நடத்தியதால் சிறிய அளவில் கறுப்பு வெள்ளைப் பிலிமைக் காப்பாற்றிக்கொண்டது. ஜப்பானின் ஃப்யூஜி, ஜெலட்டினிலும் மென்படலத்திலும் பெற்ற அறிவை மருந்துக்கும் அழகுப்பொருளுக்கும் திருப்பிப் பிழைத்தது. ஆக, மாறுவது, சிறுத்து வாழ்வது, கௌரவமாக மூடுவது என்று மூன்று வழிகள் உலகத்தில் இருந்தன. இந்து நகரில் மூன்றில் எதுவும் நடக்கவில்லை. 1990களின் நடுவிலிருந்து 2014 வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், மூடாமலும் நடத்தாமலும் மனிதர்களை அங்கே வைத்திருந்தார்கள். முப்பது வயதில் வேறு தொழில் தேடியிருக்கக்கூடிய ஒருவர், 'இன்று நல்ல செய்தி வரும், நாளை வரும்' என்று காத்திருந்து ஐம்பதைத் தொட்டார். தொழிற்சாலை நலிந்ததைவிடப் பெரிய தீங்கு இது.

நஷ்டத்துக்குத் தொழிலாளியின் சம்பளமே காரணம் என்ற பேச்சும் அப்போது உலவியது. கணக்கு அதைப் பொய்யாக்குகிறது. கடைசி ஆண்டுகளில் நிறுவனத்தின் ஆண்டு நஷ்டம் ஆயிரம் கோடியைத் தாண்டியதாகப் பொதுத்துறை நிறுவன ஆய்வறிக்கைகள் காட்டின. அப்போது அங்கே இருந்தவர்கள் சில நூறு பேர். சில நூறு பேரின் உறைந்த சம்பளம் எந்தக் காலத்திலும் ஆயிரம் கோடி ஆகாது. அந்த நஷ்டத்தில் பெரும்பகுதி பழைய கடனின் வட்டி, வட்டிக்கு வட்டி. அதில் ஒரு பங்கு அரசுக்கே அரசு நிறுவனம் கட்ட வேண்டிய கடன்.

அருவங்காட்டுக்கு வருவோம். குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் அப்பால், மலை ரயில் பாதையை ஒட்டிய பள்ளத்தாக்கில், இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் ஆங்கிலேயர் கட்டிய தொழிற்சாலை அது. காட்டேரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரத்தில் ஓடியது. வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் சேர்த்துப் பிசையும் வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விபத்துகளில் உயிர் போன துக்கம் அந்தப் பள்ளத்தாக்குக்கு உண்டு. ஆனால் வாங்குபவர் ராணுவம். ராணுவத்துக்கு உந்துமருந்து தேவைப்படாத காலம் வரவில்லை. அதனால் பிலிம் பேக்டரி விழுந்த பிறகும் கார்டைட் சங்கு ஊதிக்கொண்டிருக்கிறது.

ஒரே பஸ்ஸில் வரும் இரண்டு ஓய்வுபெற்றவர்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் கார்டைட்டில் வேலை பார்த்தவர், 2004க்கு முன் சேர்ந்தவர். மத்திய அரசு ஊழியருக்கான ஓய்வூதியமும், விலைவாசியோடு ஏறும் பஞ்சப்படியும் அவருக்கு உண்டு. மற்றவர் பிலிம் பேக்டரிக்காரர். அவருக்கு 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டம். 2001 முதல் 2014 ஆகஸ்ட் வரை அந்தத் திட்டத்தில் கணக்கில் எடுத்துக்கொண்ட ஊதியத்தின் உச்சவரம்பு 6,500 ரூபாய். அந்த ஓய்வூதியத்துக்குப் பஞ்சப்படி கிடையாது. மாத ஓய்வூதியம் சில ஆயிரங்களைத் தாண்டுவது அரிது. இருவருமே அரசுக்குச் சொந்தமான தொழிற்சாலையில், அரசு வேண்டும் என்று சொன்ன பொருளைச் செய்தவர்கள். ஒருவரின் முதலாளி அரசுத் துறை, மற்றவரின் முதலாளி அரசின் கம்பெனி என்ற சட்ட வேறுபாடு முதுமையின் சோற்றைத் தீர்மானித்தது.

அந்த வேறுபாடும் இப்போது கரைகிறது. 2021 அக்டோபர் 1 முதல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு 41 தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாயின. அருவங்காடு, மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் வந்தது. எதிர்த்து வேலைநிறுத்தம் அறிவித்த சங்கங்களை அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகள் சட்டம் தடுத்தது. பழைய ஊழியர்கள் அப்போது அயல்பணியில் இருப்பவர்களாகவே கருதப்பட்டார்கள். கம்பெனி ஆனதால் நலிவு வரும் என்று நான் சோதிடம் சொல்லவில்லை. ஆனால் கம்பெனி ஆன பிறகு ஆர்டர் குறைந்தால் என்ன ஆகும் என்று அந்தத் தொழிலாளர் கேட்கும் கேள்விக்கு, இந்து நகரின் பூட்டிய கட்டடங்களைப் பார்த்த மாவட்டத்தில் நேரான, எழுத்திலான பதில் வேண்டும்.

பிலிம் பேக்டரி விழுந்தபோது எல்லாக் குடும்பமும் ஒரேபோல விழவில்லை. ஊரில் தேயிலை வைத்திருந்தவர் பச்சை இலைக்குத் திரும்பினார். சமவெளியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸே வீடாக இருந்தவருக்குத் திரும்ப நிலம் இல்லை. வேலை போனபோது கூரையும் போனது. இதைப் பார்த்துவிட்டு 'நிலம் இருந்தால் போதும்' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களை இத்தலார் தொழிற்சாலை வாசலுக்கு அழைத்துப்போக ஆசை. ஏனென்றால் சிறு விவசாயியும் ஒரு சப்ளையர்தான். அவர் இலையைத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார். ஏறத்தாழ நான்கு கிலோ பச்சை இலை ஒரு கிலோ தேயிலைத் தூளாகிறது. தூள் குன்னூர் ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தின் சராசரியை வைத்து, விவசாயிக்கு 65 பங்கு, தொழிற்சாலைக்கு 35 பங்கு என்ற விகிதத்தில் தேயிலை வாரியம் மாதந்தோறும் இலை விலையை அறிவிக்கிறது. உரவிலையும் பறிகூலியும் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

தரகர் கையிலும் தனியார் தொழிற்சாலை கையிலும் அகப்படாமல் இருக்கத்தான் 1962இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கியது. 1965இல் அவற்றுக்கான இணையமாக இண்ட்கோசர்வ் வந்தது. இன்று 16 தொழிற்சாலைகள். அங்கத்தினராகச் சேர்ந்த சிறு விவசாயிகளே அவற்றின் உரிமையாளர்கள். அந்த ஏற்பாட்டின் மதிப்பை நான் பெரிதாகவே எண்ணுகிறேன். ஆனால் சோவியத் ஒன்றியம் உடைந்து, நீலகிரித் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டம் கண்டு, 1990களின் முடிவில் இலை விலை பாதாளத்துக்கு விழுந்தபோது, உரிமையாளர் என்ற பெயர் யாருக்கும் அரிசி வாங்கித் தரவில்லை. மாஸ்கோவில் நடந்தது இத்தலாரின் அடுப்பைத் தொட்டது, நியூயார்க் வெள்ளி இந்து நகரைத் தொட்டதுபோல.

கூட்டுறவில் ஒரு வேறுபாடு மட்டும் இருக்கிறது. அங்கத்தினருக்குப் பொதுக்குழுவில் எழுந்து நின்று கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. கடன் எவ்வளவு, தூள் எந்த விலைக்குப் போனது, பாக்கி ஏன் நிற்கிறது என்று கேட்கலாம். பிலிம் பேக்டரித் தொழிலாளிக்கு அந்த உரிமை இருந்ததில்லை. பல நூறு கோடிக் கடனை வாங்கும்போது அவரைக் கேட்கவில்லை. சந்தையைத் திறக்கும்போது கேட்கவில்லை. கடைசியில் ஒரு படிவத்தைக் கொடுத்து 'விருப்ப ஓய்வு' என்று கையெழுத்துக் கேட்டார்கள். இத்தலாரின் அங்கத்தினர்கள் தங்களிடம் இருக்கும் அந்த உரிமையை ஆண்டுக்கு ஒருமுறை கைதூக்கும் சடங்காக விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் வொல்ஃபன் நகரில் 1909இல் அக்ஃபா தொடங்கிய பிலிம் தொழிற்சாலை, பின்னாளில் ஓர்வோ என்ற பெயரில் உலகத்துக்குப் பிலிம் அனுப்பி, ஜெர்மனி ஒன்றான பிறகு மூடப்பட்டது. அந்தத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றிலேயே இன்று பிலிம் அருங்காட்சியகம் இருக்கிறது. எமல்ஷன் எப்படிக் காய்ச்சினார்கள், இருட்டில் எப்படிப் பூசினார்கள் என்பதைப் பழைய எந்திரங்களோடு அங்கே பார்க்கலாம். இந்து நகரின் எந்திரங்களோ துருப்பிடித்துக் கிடந்தன. இருட்டில் கையாலேயே பதம் அறிந்தவர்கள் இப்போது அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டார்கள்.

நீலகிரியில் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிலிம் பேக்டரியில் வேலை பார்த்தவர் இருந்தால், ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து கேளுங்கள்: எந்தப் பிரிவு, என்ன வேலை, முதல் சம்பளம் எவ்வளவு, கடைசிச் சம்பளம் எவ்வளவு. செல்போனில் பதிவு செய்யுங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, 'இந்து' என்று அச்சிட்ட பழைய பெட்டி இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.